நாடு இருந்தும் அகதிகள்: கெல்சென்கிர்ச்சன் யூதர்களும் நாங்களும்

புலம்பெயர்ந்த தமிழர் நாலு பேர் கூடிக் கதைக்கும் இடங்களில் 'யூதர்' என்ற சொல் அடிக்கடி வந்து விழும். பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் வரும். ஒன்று, வதைமுகாம்களில் கொல்லப்பட்ட அறுபது லட்சம் பேர். எமது அழிவுக்கு உலகத்திடம் அங்கீகாரம் கேட்கும்போது நாம் எடுத்துக்காட்டும் முன்னுதாரணம் அது. மற்றது இஸ்ரேல். இரண்டாயிரம் ஆண்டுகள் அலைந்தவர்கள் ஈற்றில் தமக்கென ஒரு நாட்டை அமைத்துக்கொண்டார்கள், நாமும் அமைப்போம் என்கிற ஆறுதல். இந்த இரண்டு படிமங்களுக்கும் நடுவே உயிரோடிருக்கிற யூதர், அதாவது மாதம் பிறந்தால் வாடகை கட்டுகிற, மொழி வகுப்பில் வேற்றுமை உருபோடு மல்லுக்கட்டுகிற, பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தை அகராதியோடு வாசிக்கிற யூதர், எமது பேச்சில் இடம்பெறுவதேயில்லை. அவரைப் பற்றிச் சில விடயங்களை இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். நான் நீண்டகாலமாக வாழ்ந்துவரும் கெல்சென்கிர்ச்சன் நகரத்தின் வரலாறு இதற்கு வசதியானது. இந்த நகரம் யூதர்களை ஒருமுறை அல்ல, பல முறை 'புதிதாக வந்தவர்களாக'ச் சந்தித்திருக்கிறது.

ரூர் பிரதேசத்தின் மற்ற நகரங்களைப் போலவே கெல்சென்கிர்ச்சனையும் நிலக்கரிதான் உருவாக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இது ஒரு கிராமம். சுரங்கங்கள் திறக்கப்பட்டதும் கிழக்குப் பிரஷ்யாவின் மசூரியாவிலிருந்தும் போலந்து மொழி பேசும் பகுதிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கில் தொழிலாளர் வந்து குவிந்தனர். அவர்களைப் பின்தொடர்ந்து வியாபாரிகள் வந்தனர். யூதரில் பலர் கசாப்புக்கடைக்காரர், துணிக்கடைக்காரர், சிறுவணிகர். 1885 இல் நொய் தெருவில் அவர்களது தொழுகைக்கூடம் திறக்கப்பட்டது. புவர் பகுதியில் இன்னொன்று 1922 இல் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குறிப்பாக முதலாம் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில், போலந்திலிருந்தும் கலீசியாவிலிருந்தும் வறிய யூதர்கள் ரூருக்கு வந்தார்கள். இத்திஷ் மொழி பேசிய இவர்களை, ஏற்கெனவே ஜேர்மன் நடுத்தர வர்க்கமாகிவிட்ட யூதர்கள் 'கிழக்கத்திய யூதர்' என்று சற்றுத் தள்ளியே வைத்திருந்தார்கள். உடை, பேச்சு, தொழுகை முறை எல்லாமே சங்கடமாகத் தோன்றின. 'இவர்களால் எங்களுக்கும் கெட்ட பெயர்' என்ற முணுமுணுப்பு அன்றே இருந்தது. எண்பதுகளில் வந்த நாம் 2009 க்குப் பின் வந்தவர்களைப் பற்றிச் சொல்லும் வார்த்தைகளை ஒருகணம் நினைத்துப் பார்த்தால் இது அந்நியமாகத் தெரியாது.

1933 க்குப் பின் நடந்தவை பொதுவாகத் தெரிந்தவையே. ஆனால் பெரிய வரலாறு ஒரு சிறிய நகரத்தில் எந்த வாசலால் நுழைகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இந்த நகரத்தின் அடையாளம் ஷால்க்கே 04 உதைபந்தாட்டக் கழகம். அதன் இரண்டாவது தலைவராயிருந்த பல்வைத்தியர் பவுல் ஐஷன்குருன் யூதர் என்பதால் 1933 இல் பதவியை விட்டு விலக நேர்ந்தது. கழகத்தின் நட்சத்திர வீரர் ஃபிரிட்ஸ் ஸெப்பான் 1937 இல் நாஸிக் கட்சியில் சேர்ந்தார். 1938 இல், ஷால்க்கே சந்தையிலிருந்த, யூதருக்குச் சொந்தமான துணிக்கடையொன்றை அவர் கையகப்படுத்திக்கொண்டார். அதன் உரிமையாளர்கள் பின்னர் ரீகாவுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்த ஸெப்பான் யார்? மசூரியாவிலிருந்து பிழைப்புக்கு வந்த குடும்பத்தின் மகன். 'போலாக்கர் கழகம்' என்று எதிரணியினர் இழித்துப் பேசிய கழகத்தின் வீரன். இந்த விபரத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

1938 ஒக்டோபர் இறுதியில் போலந்துக் குடியுரிமை வைத்திருந்த யூதர்கள் ஜேர்மனி முழுவதிலும் பிடிக்கப்பட்டனர். ஏறத்தாழ 17,000 பேர். கையில் பத்து மார்க்குக்கு மேல் கொண்டுபோக முடியாது. புகையிரதத்தில் ஏற்றிப் போலந்து எல்லையில் இறக்கிவிடப்பட்டார்கள். போலந்தும் அவர்களை ஏற்க மறுத்தபடியால் ஆயிரக்கணக்கானோர் ஸ்பொன்ஷின் என்ற எல்லைப்புறச் சிற்றூரில் மாதக்கணக்காகத் தங்க நேர்ந்தது. கெல்சென்கிர்ச்சனின் 'கிழக்கத்திய யூதர்'களும் இதில் அகப்பட்டார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து நவம்பர் 9 இரவில் நகரத்தின் இரண்டு தொழுகைக்கூடங்களும் எரிந்தன. ஜேர்மன் கனவான்களாக வாழ்ந்தவர்களுக்கும் இத்திஷ் பேசியவர்களுக்கும் இடையிலான வித்தியாசம் நெருப்புக்குத் தெரியவில்லை. 1942 ஜனவரி 27 அன்று நகரத்தில் எஞ்சியிருந்தவர்களில் ஏறத்தாழ 350 பேர் வில்டன்புறூக் சதுக்கத்துக் கண்காட்சி மண்டபத்தில் சேர்க்கப்பட்டு ரீகாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மிகச் சிலரே மீண்டனர்.

இன்னொரு 'வருகை'யையும் சொல்ல வேண்டும். 1944 யூலையில் ஆஷ்விட்ஸிலிருந்து ஏறத்தாழ 2,000 ஹங்கேரிய யூதப் பெண்கள் ஹோர்ஸ்ட் பகுதியிலிருந்த கெல்சென்பேர்க் எரிபொருள் ஆலைக்கு அடிமை வேலைக்காகக் கொண்டுவரப்பட்டார்கள். செப்ரெம்பர் 11 அன்று குண்டு விழுந்தபோது பாதுகாப்பு அறைகளுக்குள் போக அவர்களுக்கு அனுமதியில்லை. ஏறத்தாழ 150 பேர் இறந்தார்கள். காயமடைந்தவர்களில் 17 பேரை மருத்துவர் ருடோல்ஃப் பேர்ட்ராம் தனது மருத்துவமனைகளில் மறைத்துவைத்துக் காப்பாற்றினார். நல்லவர் ஒருவர் இருந்தார் என்று ஆறுதலடைவதற்காக இதைச் சொல்லவில்லை. அதே நகரத்தில் அதே சட்டங்களின் கீழ் வேறு விதமாக நடந்துகொள்ளவும் முடிந்திருக்கிறது என்பதற்காகவே சொல்கிறேன்.

போர் முடிந்தபின் திரும்பி வந்த மிகச் சிலரில் ஒருவர் குர்ட் நொய்வால்ட். 1906 இல் இங்கேயே பிறந்தவர். ரீகாவையும் முகாம்களையும் கண்டு, குடும்பத்தில் பலரை இழந்து மீண்டவர். கொன்றவர்களின் நகரத்துக்கு எதற்காகத் திரும்ப வேண்டும் என்று உலக யூதர்களே கேட்ட காலம் அது. அவரும் சிலரும் சேர்ந்து சமூகத்தை மீளத் தொடங்கினார்கள். 1950 இல் யூதர் மத்திய சபை உருவானபோது அதன் நிறுவனர்களில் அவரும் ஒருவர். 1958 இல் ஃபொன் டெர் றெக்கே தெருவில் ஒரு சிறிய தொழுகை மண்டபம் கிடைத்தது. அடுத்த முப்பது ஆண்டுகள் அந்த மண்டபத்தில் கிழவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், இளையவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஜேர்மனி முழுவதிலும் 1989 இல் பதிவுபெற்ற யூதர் 30,000 பேருக்கும் குறைவு. கெல்சென்கிர்ச்சனில் நூறு பேர்கூட இல்லை. பெட்டியைக் கட்டிவைத்தபடி வாழ்கிறோம் என்று ஜேர்மன் யூதர்கள் தம்மைப் பற்றிச் சொல்வதுண்டு.

இந்த நிலைமையைச் சோவியத் யூனியனின் உடைவு மாற்றியது. 1991 ஜனவரி 9 அன்று மாநில முதலமைச்சர்களின் மாநாடு சோவியத் யூதர்களை 'ஒதுக்கீட்டு அகதி'களாக ஏற்பதென முடிவெடுத்தது. இதற்குப் பயன்பட்ட சட்டம் 1980 இல் வியட்நாமியப் படகு அகதிகளுக்காக இயற்றப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில், குடும்பத்தினரையும் சேர்த்து, 200,000 பேருக்கு மேல் வந்தார்கள். தத்தம் ஊரிலுள்ள ஜேர்மன் தூதரகத்தில் விண்ணப்பித்து, மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் காத்திருந்து, முறையான விசாவோடு வந்தார்கள். எமது மாநிலத்துக்கு ஒதுக்கப்பட்டவர்கள் ஊனா-மாஸன் வரவேற்பு முகாமில் பதிந்து நகரங்களுக்குப் பிரிக்கப்பட்டார்கள். வந்த நாளிலிருந்தே காலவரையற்ற வதிவிட அனுமதி, வேலை அனுமதி, அரசு செலவில் மொழி வகுப்பு.

எண்பதுகளில் கிழக்கு பேர்லின் வழியாக வந்த எங்களில் எவருக்கும் இதை வாசிக்கும்போது நெஞ்சில் ஏதோ தட்டும். நாங்கள் தஞ்சம் கேட்டு வந்தவர்கள். ஹைமில் ஒரு அறைக்கு நாலு கட்டில், வேலைத் தடை, மாவட்ட எல்லையைத் தாண்டினால் தண்டம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்கப்படும் 'டுல்டுங்'. அந்தச் சொல்லுக்குச் 'சகித்துக்கொள்ளுதல்' என்பதுதான் பொருள். 1993 இல் தஞ்ச உரிமைக்கான அரசியலமைப்புச் சரத்தையே வெட்டிக் குறுக்கினார்கள். ஒரு பக்கம் இந்தக் கதவு மூடப்பட்ட அதே ஆண்டுகளில்தான் மறு பக்கம் அந்தக் கதவு திறந்திருந்தது. ஜேர்மன் அரசுக்கு யூதர்கள் தேவைப்பட்டார்கள், நாங்கள் தேவைப்படவில்லை என்று அப்போது பல தமிழ் நண்பர்கள் சொன்னார்கள். அதில் உண்மை உண்டு. ஒன்றுபட்ட புதிய ஜேர்மனி தன் முகத்தை உலகுக்குக் காட்டவேண்டியிருந்தது. ஆனால் பொறாமை ஓர் ஆய்வுமுறையாக முடியாது. வேண்டப்பட்டு வந்தவர்களின் அன்றாட வாழ்வு எப்படி இருந்தது என்று பார்க்காமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் எமது தொடர்மாடியின் மூன்றாம் மாடிக்கு உக்ரைனின் கார்கோவ் நகரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தகப்பன் இயந்திரப் பொறியியலாளர். தாய் பியானோ ஆசிரியை. பதினொரு வயதுப் பெண்பிள்ளை. தகப்பனின் தாயார். வந்த முதல் கிழமையில் தெருவோரத்தில் பழைய தளபாடங்கள் போடும் நாள் எப்போது என்று எங்களிடம்தான் விசாரித்தார்கள். அந்த விடயத்தில் நாங்கள் நிபுணர்கள். அவர்களது முதல் சோபா எந்தத் தெருவிலிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அவர்களும் நாங்களும் பேசிய டொச் இலக்கணப் பிழைகளால் ஆனது. ஆனால் ஒரே மாதிரியான பிழைகள் என்பதால் நன்றாகவே விளங்கியது.

பொறியியலாளரின் பட்டத்தை இங்கே எவரும் ஏற்கவில்லை. அவர் வந்துசேர்ந்த நேரமும் அப்படி. நோர்ட்ஸ்டேர்ன், கொன்சொலிடாற்சியோன் சுரங்கங்கள் 1993 இல் மூடப்பட்டுவிட்டன. ஹூகோ 2000 இல் மூடப்பட்டது. நாற்பது வயதைத் தாண்டிய, மொழி தெரியாத பொறியியலாளருக்கு வேலையில்லாத் திண்டாட்டத்தில் முன்னணியில் நிற்கும் நகரத்தில் என்ன இடம்? அவர் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினார். பிறகு ஒரு கட்டிடத்தின் பராமரிப்பாளரானார். தாய் ஓரிரு பிள்ளைகளுக்குப் பியானோ படிப்பித்துக்கொண்டு மாலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தார். யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியராயிருந்தவர் இங்கே உணவகச் சமையலறையில் கோப்பை கழுவிய கதை எங்களிடம் உண்டு. விசாவின் நிறம் வேறு, கையில் ஏறிய காய்ப்பு ஒன்றுதான்.

இதைவிடச் சிக்கலானது 'யார் யூதர்' என்ற கேள்வி. சோவியத் கடவுச்சீட்டின் ஐந்தாம் வரியில் தேசிய இனம் எழுதப்படும். தகப்பன் யூதரென்றால் பிள்ளையை யூதரென்று பதியலாம். பள்ளிக்கூடத்தில் கேலிசெய்யவும் பல்கலைக்கழக அனுமதியைத் தடுக்கவும் அது போதும். ஜேர்மன் அரசும் பெற்றோரில் ஒருவர் யூதரென்றால் ஏற்றுக்கொண்டது. ஆனால் யூத மதச் சட்டப்படி தாய் யூதராயிருக்க வேண்டும். மூன்றாம் மாடிக் குடும்பத்தில் தாய் உக்ரைனியப் பெண். எனவே அப்பம்மாவும் தகப்பனும் சமூகத்தின் உறுப்பினராகலாம், தாயும் மகளும் ஆக முடியாது. கார்கோவில் 'யூதச்சி' என்று அழைக்கப்பட்ட அந்தப் பிள்ளை, யூதர் என்பதற்காகவே கொண்டுவரப்பட்ட நாட்டில் யூதர் அல்ல. வகுப்பிலே அவள் 'ரஷ்யாக்காரி'. கொழும்பில் தமிழனாகவும், இந்தியாவில் சிலோன்காரனாகவும், இங்கே இந்தியனாகவும் இருக்கிற எமக்கு இது விளங்கும். மலையகத்தில் பிறந்து, பிறப்புச் சான்றிதழில் 'இந்தியத் தமிழர்' என்று எழுதப்பட்டு, வடக்கில் குடியேறிய பின்னும் 'தோட்டக்காட்டான்' என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு இன்னும் நன்றாக விளங்கும்.

தொழுகைக்கூடத்திற்குள்ளும் முரண்பாடுகள் இருந்தன. பழைய ஜேர்மன் யூதருக்கு நினைவுநாள் என்றால் நவம்பர் 9, அழிவின் நாள். புதிதாக வந்த கிழவர்களுக்கு மே 9, செம்படை ஹிட்லரை வென்ற நாள். அப்பம்மாவின் கணவர் செம்படையில் போரிட்டவர். அவரது பதக்கங்களை அவர் ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தார். இந்த நாட்டுக்கு யூதர்கள் பலியானவர்களாக மட்டும் தேவைப்பட்டார்கள். ஆனால் வந்தவர்களோ வென்றவர்களின் நினைவோடு வந்தார்கள். பதக்கம் அணிந்த கிழவர்களை என்ன செய்வதென்று எவருக்கும் தெரியவில்லை. காலப்போக்கில் பல யூத சமூகங்கள் மே 9 ஐயும் கொண்டாடத் தொடங்கின. அறிவித்தல்கள் டொச்சிலும் ரஷ்ய மொழியிலும் வந்தன. கெல்சென்கிர்ச்சனில் உறுப்பினர் தொகை நானூறைத் தாண்டியது. 2004 நவம்பர் 9 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட புதிய தொழுகைக்கூடம் 2007 பெப்ரவரி 1 இல், எரிக்கப்பட்ட பழைய கூடத்தின் இடத்திலேயே, திறக்கப்பட்டது. நொய்வால்ட் 2001 இல் காலமாகிவிட்டார். பின்னர் சமூகத்தை முன்னின்று நடத்தியவர் அவரது மகள்.

இங்கே எமது இரண்டாவது படிமத்துக்கு, இஸ்ரேலுக்கு, வருவோம். 1950 இன் திரும்பிவரும் உரிமைச் சட்டப்படி இவர்கள் அனைவருக்கும் இஸ்ரேலின் கதவு திறந்தேயிருந்தது. அங்கே விமானநிலையத்திலேயே குடியுரிமை. யூதருக்கு நாடு இருக்கும்போது அவர்களை அகதிகள் என்று அழைப்பது தவறு என்று இஸ்ரேல் அரசு ஜேர்மனியிடம் பலமுறை ஆட்சேபித்தது. அப்படியிருந்தும் 2002 இல் சோவியத் நிலங்களிலிருந்து இஸ்ரேலுக்குப் போன யூதரைவிட ஜேர்மனிக்கு வந்தவர்கள் சற்று அதிகம். காரணங்கள் எளிமையானவை. போர், வெயில், கட்டாய இராணுவ சேவை, கலப்புத் திருமணம், ஐரோப்பாவில் பிள்ளைகளின் படிப்பு. 2005 இன் குடிவரவுச் சட்டம் மொழித் தேர்ச்சியையும் யூத சமூகமொன்றின் சம்மதத்தையும் நிபந்தனையாக்கியபின் வருகை வீழ்ந்தது. எமது மேடைகளில் 'நாடு கிடைத்தால் அகதி வாழ்வு முடியும்' என்று சொல்லப்படும்போது, நாடு கிடைத்த பின்னும் கெல்சென்கிர்ச்சனைத் தெரிவுசெய்த இந்த இரண்டு லட்சம் பேரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஓர் அரசு இருப்பதன் பெறுமதியை நான் மறுக்கவில்லை. 1938 இல் அப்படியொரு கதவு இருந்திருந்தால் ஸ்பொன்ஷினில் எவரும் தவித்திருக்க மாட்டார்கள். ஆனால் மக்கள் தம் வாழ்வைக் கொடிக்கு அடியில் மட்டும் தேடுவதில்லை என்பதையும் வரலாற்றாசிரியர் பதிய வேண்டும்.

இன்று மூன்றாம் மாடிக் குடும்பத்தின் கவலை இரண்டு. ஒன்று ஓய்வூதியம். கார்கோவின் அதே தொழிற்சாலையில் வேலைசெய்த ஜேர்மன் வம்சாவளியினர் இங்கே வந்தபோது அவர்களது சோவியத் வேலை ஆண்டுகள் ஓய்வூதியக் கணக்கில் சேர்க்கப்பட்டன. யூதர்களுக்குச் சேர்க்கப்படவில்லை. பெரும்பாலானோர் முதுமையில் அரசின் அடிப்படை உதவித்தொகையில் வாழ்கிறார்கள். 2023 இல் தொடங்கிய நட்டஈட்டு நிதி ஒரு தடவைக்கு 2,500 யூரோ கொடுத்துக் கணக்கை முடிக்கப் பார்த்தது. மற்றது கல்லறை. யூத மயானத்தில் புதைகுழி நிரந்தரமானது. ஜேர்மன் பொது மயானத்திலோ குறித்த ஆண்டுகள் முடிய இடம் இன்னொருவருக்குப் போய்விடும். ஆனால் யூத மயானத்தில் கணவனுக்குப் பக்கத்தில் யூதரல்லாத மனைவிக்கு இடமில்லை. சில நகரங்களில் கலப்புக் குடும்பங்களுக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் அகதிகளாக வாழ்ந்தவர்கள் ஒன்றாகக் கிடக்க முடியுமா என்பதே அவர்களது இன்றைய கேள்வி.

இப்போது ஸெப்பானிடம் திரும்புவோம். 2021 மே 12 அன்று, காஸா மோதலின்போது, ஏறத்தாழ 180 பேர் கெல்சென்கிர்ச்சன் தொழுகைக்கூடத்தை நோக்கி ஊர்வலமாக வந்து யூதர்களை இழிவுபடுத்திக் கூச்சலிட்டார்கள். அவர்களில் பலர் குடியேறிகளின் பிள்ளைகள். காஸாவில் மக்கள் கொல்லப்படுவதற்கு எதிராகக் குரல்கொடுப்பது நியாயம். அதற்குப் பதிலாகக் கார்கோவிலிருந்து வந்த கிழவிகளின் வாசலில் போய்க் கத்துவது எந்த நியாயமும் அல்ல. மசூரியக் குடியேறியின் மகன் யூதரின் கடையை எடுத்துக்கொண்டதற்கும் இதற்கும் இடையில் எண்பது ஆண்டுகள். ஒடுக்கப்பட்டிருத்தல், புலம்பெயர்ந்திருத்தல் என்பன தம்மளவில் எவரையும் அறவானாக்குவதில்லை என்பதே இந்த நகரம் சொல்லும் செய்தி.

இதை மற்றவர்களைப் பற்றி மட்டும் சொல்லி முடித்தால் வசதியாக இருக்கும். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணி நேரம். எடுத்துப்போக அனுமதிக்கப்பட்டது சில நூறு ரூபாய்கள். அவர்களது வீடுகளிலும் கடைகளிலும் இருந்த பொருட்கள் எங்கே போயின? அவற்றை வாங்கியவர்கள் யார்? 1938 உம் 1990 உம் ஒன்றல்ல. பின்னதைத் தொடர்ந்து ரீகா வரவில்லை. ஆனால் பத்து மார்க்கும் சில நூறு ரூபாயும் ஒரே மாதிரியான கணக்குத்தான். தம்மை ஈழத்து யூதர்கள் என்று அழைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள், எமது ஸெப்பான்களின் பெயர்ப்பட்டியலையும் எழுதத் தயாராக இருக்க வேண்டும். கெல்சென்கிர்ச்சன் தாமதமாகவேனும் அதைச் செய்தது. 2001 இல் புதிய மைதானத்தருகே ஒரு வீதிக்கு ஸெப்பானின் பெயரை வைக்க முயன்றபோது, அந்தத் துணிக்கடையின் கதை வெளியே வந்து, முயற்சி கைவிடப்பட்டது. அறுபது ஆண்டுகள் பொறுத்துச் சிலர் பழைய பத்திரங்களைத் தோண்டியதால் அது நடந்தது.

யூதரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று எமது பெரியவர்கள் சொல்வதை நானும் ஏற்கிறேன். கற்கவேண்டியது இராணுவத்தையோ நிதி திரட்டலையோ அல்ல. பத்திரங்களைப் பாதுகாப்பதை, பெயர்களைத் திரட்டுவதை, உள்முரண்பாடுகளை மறைக்காமல் சங்கக் கூட்டத்தில் வைத்துச் சண்டையிடுவதை. எமது முதல் தலைமுறை முதுமையடைந்துவிட்டது. ஹைம் அனுமதிச் சீட்டுகள், நிராகரிப்புக் கடிதங்கள், கோப்பை கழுவிய காலத்துச் சம்பளத் துண்டுகள் எல்லாம் பிள்ளைகளின் நிலவறைகளில் கிடக்கின்றன. அடுத்த வீடு மாறலோடு அவை கழிவுப்பெட்டிக்குப் போகும். இந்த நகரத்தில் ஒரு நகர வரலாற்று நிறுவனம் உண்டு. தமிழரின் தாள்கள் அங்கே எத்தனை பெட்டி நிரப்பும் என்று வாசகர்கள் தத்தம் நகரங்களிலும் கணக்கிட்டுப் பார்க்கலாம். கோவில் கட்ட எம்மால் முடிந்திருக்கிறது. ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோவில் 2002 இலேயே எழுந்துவிட்டது. ஒரு ஆவணக் காப்பகம் மட்டும் ஏன் இன்னும் எழவில்லை என்பதை விவாதத்துக்கு விடுகிறேன்.